ஐநூறு டாலருக்குள் முதல் துப்பாக்கி: எது காசுக்குத் தகும்?

நாமக்கல்_நாடோடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறேன். போன மாதம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது சின்னத் தோட்டா போடும் .22 ரைபிளை வைத்துக் குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டதுதான் என் மொத்த அனுபவம். அதிலும் ஒன்று பக்கத்துப் பையனின் அட்டையில் போய்ப் பட்டது.

இப்போது ஒன்று வாங்கலாம் என்று நினைப்பு. மாதம் ஓரிரு முறை ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்கு, போய்ச் சுட வேண்டும், அதுதான் முதல் ஆசை. அவசரத்துக்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்பது இரண்டாவது. ஆபீசில் ஒருவர் பன்றி வேட்டைக்கு வா வா என்கிறார், அது மூன்றாவது. கையில் ஐநூறு டாலர். கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நான் வாயைத் திறப்பதற்குள் 550 டாலருக்கு ஒரு 9 மி.மீ. பிஸ்டலை எடுத்து வைத்தார். எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்களாம்.

வீட்டம்மாவுக்கு அரை மனது. எட்டு வயதில் மகள் இருக்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரியோகிராண்டி எழுதியது:

தம்பி, கிரீன் கார்டுக்கு வாழ்த்துகள். இருபது வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன், அதில் பாதி பன்றியைத் துரத்துவதிலேயே போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது மூன்று வேலை. மூன்றையும் உருப்படியாகச் செய்யும் ஒரே துப்பாக்கி கிடையாது. கடைக்காரர் காட்டிய பிஸ்டலால் பன்றி வேட்டைக்குப் போக முடியாது. பன்றிக்கு எடுக்கும் ரைபிளை ஊருக்குள் இருக்கும் பல உள்ளரங்கு ரேஞ்சுகளில் அனுமதிக்க மாட்டார்கள். எனவே முதலில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, ஐநூறு டாலர் என்றால் துப்பாக்கி ஐநூறு என்று அர்த்தம் இல்லை. விற்பனை வரியே இங்கே 8.25 சதவீதம். காது மூடி, கண்ணாடி இரண்டுக்கும் ஐம்பது வரை போகும். மகள் இருக்கும் வீட்டில் பூட்டுப் பெட்டி கட்டாயம், அதற்கு எழுபது எண்பது வையுங்கள். ஒரு நாள் அடிப்படை வகுப்பு, ரேஞ்ச் கட்டணம், தோட்டா. எல்லாம் போகத் துப்பாக்கிக்கு இருநூற்றைம்பதுதான் மிஞ்சும். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதை ஆகிவிடக் கூடாது.

அந்த இருநூற்றைம்பதில் என் ஓட்டு .22 ரைபிளுக்கு, அதிலும் ரூகர் 10/22-க்கு. 1964-இல் வந்த மாடல். இன்றும் புதிதாக முந்நூறு சொச்சத்துக்குக் கிடைக்கிறது, பழையது இன்னும் குறைவு. பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின் அடிப்பாகத்துக்குள் அப்படியே அடங்கிவிடும், எங்கும் துருத்தாது. உதிரி பாகம் இல்லாத கடை கிடையாது. குழலை மாற்றுவதென்றால் கட்டையைக் கழற்றி இரண்டு ஸ்க்ரூவை எடுத்தால் போதும், வீட்டு மேசையிலேயே செய்யலாம்.

இன்னொரு காரணம் தோட்டா. நான் கடைசியாக வாங்கியபோது .22 ஒன்று எட்டு ஒன்பது சென்ட்தான் விழுந்தது. 9 மி.மீ. அதற்கு மூன்று மடங்கு. ஒரு சனிக்கிழமை இருநூறு ரவுண்டு சுட்டால் .22-க்குச் செலவு இருபது டாலருக்குள், 9-க்கு ஐம்பதைத் தாண்டும். புதிதாகச் சுடுபவர் ஆயிரம் ரவுண்டாவது சுட்டால்தான் கை படியும். ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் இன்னொரு துப்பாக்கியின் விலையில் பெரும்பங்கு வரும்.

---

தகரடப்பா எழுதியது:

வந்துவிட்டார்கள் 10/22 கோஷ்டி!

காசுக்குத் தகுந்த துப்பாக்கி என்றால் என் நினைவுக்கு வருவது மோசின்-நாகந்த் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைபிள் ஒன்றுதான். 2009-இல் 89 டாலருக்கு வாங்கினேன். 1930-களில் சோவியத் ஆலையில் செய்தது, குழலுக்குள் வரிகள் அப்போதும் பளபளவென்று இருந்தன. தோட்டா 440 அடைத்த தகர டப்பாவில் வரும். அதைத் திறக்க டப்பா திறப்பான் மாதிரி ஒரு தனிக் கருவி. என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஏன் அவ்வளவு மலிவு? நன்றாக இல்லை என்பதால் இல்லை. மூன்று கோடிக்கு மேல் செய்து, போர் முடிந்ததும் எண்ணெய் தடவிக் கிடங்கில் அடுக்கிவிட்டார்கள். சோவியத் உடைந்ததும் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியது. தேவையைவிட வரத்து அதிகம், அவ்வளவுதான். தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்கு விற்கும் நாளும் உண்டு அல்லவா? அதே கதைதான்.

பழைய ராணுவத் தோட்டாவில் துரு பிடிக்க வைக்கும் உப்பு இருக்கும். சுட்ட அன்றே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எண்ணெய் மட்டும் போதும் என்று நினைத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன், குழல் முழுக்கச் செம்மண் நிறம். முழுக்க முழுக்க என் சோம்பல்.

---

நாமக்கல்_நாடோடி எழுதியது:

தகரடப்பா, அந்த 89 டாலர் மோசின் இப்போது எங்கே கிடைக்கும்?

---

தகரடப்பா எழுதியது:

எங்கும் கிடைக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன், பழைய நினைப்பில் மறந்துவிட்டேன். கிடங்குகள் காலி. 2021-இலிருந்து ரஷ்யத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை. இன்று சுமாரான மோசினுக்கே நானூறுக்கு மேல் கேட்கிறார்கள். அந்த விலைக்கு அதை வாங்குவது பைத்தியக்காரத்தனம். சேகரிப்பவர்கள் வாங்கட்டும். நீங்கள் புதிதாக ஒரு சாவேஜ் ஆக்சிஸ் வேட்டை ரைபிள் வாங்குங்கள், என் மோசினைவிட நேராகச் சுடும்.

---

ரியோகிராண்டி எழுதியது:

ஆக்சிஸ் நல்ல பேச்சு. பன்றிக்கும் மானுக்கும் அதுதான் மலிவில் சரியான ரைபிள். சாதாரண ஸ்கோப்புடன் சேர்த்தே நானூறு பக்கம் வரும். பிளாஸ்டிக் கட்டையைத் தட்டினால் காலி டப்பா போலச் சத்தம் கேட்கும், மேகசின் பிடி எப்போது உடையுமோ என்று பயமாக இருக்கும். ஆனால் குழல் நேர். நூறு கெஜத்தில் மூன்று குண்டும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் விழும். ரூகர் அமெரிக்கன் என்ற ரைபிள் இன்னும் கொஞ்சம் மெருகாக இருக்கும், ஐம்பது நூறு கூடுதல். காசை எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பார்வைக்குத் தெரியும் இடங்களில் கை வைத்துவிட்டு, குழலில் கை வைக்காதவன் நல்ல கம்பெனிக்காரன். பளபளப்பாக இருந்து உள்ளே சொதப்புகிறவனும் இருக்கிறான்.

ஒன்று சொல்ல மறந்தேன். .22-ஐ எடுத்துக்கொண்டு பெரிய பன்றிக்கோ மானுக்கோ போய்விடாதீர்கள். மானை .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவால் சுடுவது டெக்சாஸில் சட்டப்படியே கூடாது. பன்றிக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் .22 பட்ட பன்றி சாகாமல் உங்களைத் தேடி வரும்.

வீட்டுக்கென்று ஒன்று வேண்டும் என்றால் மாவெரிக் 88 ஷாட்கன். மோஸ்பெர்க் 500-இன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே குடும்பம். டெக்சாஸ் ஈகிள் பாஸில் ஒன்றுசேர்க்கிறார்கள். அண்ணனுக்கு சேஃப்டி பின்புறம் கட்டைவிரலுக்கு வாகாக இருக்கும், தம்பிக்கு ட்ரிகர் பக்கத்தில் குறுக்கே தள்ளும் பொத்தான். பெரும்பாலான குழல்கள் இரண்டுக்கும் பொருந்தும். புதிதே இருநூற்று இருபது, முப்பதுக்குக் கிடைக்கும் பம்ப் ஷாட்கன். இந்த விலைக்கு இதைவிட நம்பிக்கையான புதுத் துப்பாக்கி அமெரிக்காவில் இல்லை என்பது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஒரு குறை உண்டு, உதைக்கும். முதல் நாளே பெரிய ரவை நிறைந்த பக்‌ஷாட் போட்டுச் சுட்டால் தோள் கன்றிவிடும், அப்புறம் அதைத் தொடவே மாட்டீர்கள். புறாவுக்குப் போடும் சின்ன ரவைத் தோட்டாவில் ஆரம்பியுங்கள்.

---

மணல்வீடு எழுதியது:

இடையில் புகுந்து ஒரு கேள்வி. நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், ஆஸ்டின். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டிருக்கிறேன், யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த மாவெரிக்கை நானும் வாங்கலாமா? இல்லாவிட்டால் சிட்டிசனாக இருக்கும் ரூம்மேட் பெயரில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

---

ரியோகிராண்டி எழுதியது:

தம்பி, முதலில் அந்த இரண்டாவது யோசனையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

எச்1பி, எஃப்1 போன்ற குடியேறா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம், 922(ஜி)(5). டெக்சாஸ் என்ன சொல்கிறது என்பது இதில் எடுபடாது. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் அதில் சேரும். யாரும் கேட்கவில்லை என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகாது. நம் ஆட்கள் ஏஆர்-15 பிடித்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2022-இல் தண்டனையைப் பதினைந்து வருடம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போகாவிட்டாலும் விசா போய்விடும், நாடு கடத்தவும் இது காரணமாகும்.

இதற்கு விலக்குகள் சில உண்டு. நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையில், இங்கேயே குடியிருப்பவருக்கு அது 25 டாலர். கடையில் துப்பாக்கி வாங்குவதற்கான 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பும்போது அந்த உரிமத்தையும் காட்ட வேண்டும். அந்த உரிமம் ஆகஸ்ட் 31-உடன் காலாவதி ஆகிவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருப்பது குற்றம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட வேட்டை உரிமமே தேவையில்லை. ஆனால் எச்1பி-காரன் அந்தப் பன்றியைச் சுடத் துப்பாக்கியைத் தொட வேண்டும் என்றால் உரிமம் தேவை. பன்றிக்கு வேண்டாம், நமக்கு வேண்டும்.

ரூம்மேட் பெயரில் வாங்குவது வேறு குற்றம். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று படிவத்தில் கேட்பார்கள், அவர் ஆம் என்று எழுதினால் பொய். 2014-இல் உச்ச நீதிமன்றம் வரை போன அப்ராம்ஸ்கி வழக்கில், துப்பாக்கி போய்ச் சேர்ந்தவருக்கு அதை வைத்திருக்கச் சட்டப்படி எல்லாத் தகுதியும் இருந்தது. அப்படியும் வாங்கிக் கொடுத்தவரின் தண்டனை நின்றது. உங்கள் ரூம்மேட்டும் மாட்டுவார்.

கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், அது ஆகிவிட்டது மாதிரிதான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் முந்நூறு டாலர் கொடுத்துக் கேளுங்கள்.

---

மட்டுறுத்துனர் எழுதியது:

மேலே உள்ள பதிலை இழையின் தலைப்பில் ஒட்டி வைக்கிறேன். சட்டத்தைச் சுற்றி வருவது எப்படி என்ற கேள்விகள் இனி நீக்கப்படும். தொடருங்கள்.

---

மணல்வீடு எழுதியது:

நன்றி அண்ணே. ரேஞ்சில் எடுத்த படங்களை இப்போதுதான் உட்கார்ந்து அழித்தேன். வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேரப்போகிறேன்.

---

ரியோகிராண்டி எழுதியது:

நல்லது. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு டெக்சாஸில் வேட்டையாடக் கட்டாயம்தான். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். முடிந்தால் நேரில் போங்கள், வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படி வைப்பது என்பதையெல்லாம் கையால் செய்து பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

---

பொன்னி எழுதியது:

நான் ஹூஸ்டனில் மருத்துவமனையில் நர்ஸ். இந்த இழையில் எல்லோரும் விலையைப் பேசுகிறீர்கள், நல்லது. ஆனால் "வீட்டில் ஒன்று இருக்கட்டும்" என்ற வரியை யாருமே பிடித்துக் கேட்கவில்லையே?

2021-இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை. பாதிக்கு மேல். திருடன் வருவான் என்று வாங்கி வைப்பதைத் திருடன் தொடுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற யாரோ தொடுகிறார்கள். நாமக்கல் சார், உங்கள் மகளுக்கு எட்டு வயது. எனக்குக் கவலை இன்றைக்கு இல்லை, அவளுக்குப் பதினைந்து ஆகும்போது. பூட்டின் எண் உங்கள் கல்யாணத் தேதியாக இருந்தால் அவளுக்கு அது தெரியாதா?

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. என் கணவரும் சுடுகிறவர்தான். எங்கள் வீட்டில் துப்பாக்கி ஓர் இடத்தில், தோட்டா வேறு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்காது. பக்கத்தில் யாருக்காவது மனது சரியில்லை என்று தெரிந்தால் அன்றே துப்பாக்கியை வெளியே கொடுத்துவைத்துவிடுவோம்.

---

நாமக்கல்_நாடோடி எழுதியது:

பொன்னி அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இதைத்தானே நான் ஆறு மாதமாகச் சொல்கிறேன்" என்றாள். பூட்டின் எண் உண்மையிலேயே கல்யாணத் தேதியாகத்தான் வைத்திருப்பேன்.

---

ரியோகிராண்டி எழுதியது:

பொன்னி சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. சட்டமும் இருக்கிறது. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டுவைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால் டெக்சாஸில் பெரியவர்மேல் வழக்குப் போடலாம். கடையில் பிஸ்டலோடு கொடுக்கும் கம்பிப் பூட்டை அலமாரியில் போட்டுவிடாதீர்கள், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இனாம் அது, பயன்படுத்துங்கள்.

---

கழுகுமலை_கணேசன் எழுதியது:

பிஸ்டல் பக்கம் யாரும் போகவில்லையே. ஜார்ஜியாவிலிருந்து எழுதுகிறேன், நான் மலிவு பிஸ்டல் பைத்தியம்.

எல்லாவற்றிலும் அடிமட்டம் ஹை-பாயின்ட் சி9. ஓஹாயோவில் செய்கிறார்கள், இருநூறு டாலர் பக்கம். துத்தநாகக் கலவையில் வார்த்த தடித்த ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பாகம். மற்ற பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில் வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளும். இதில் பூட்டே கிடையாது, ஸ்லைடின் எடைதான் பூட்டு. அதனால்தான் செங்கல் மாதிரி கனக்கிறது. அசிங்கம், ஆனால் சுடும். எத்தனையாவது கை மாறி வாங்கினாலும் வாழ்நாள் உத்தரவாதம். 2019-இல் புது மாடலுக்குப் பெயர் வையுங்கள் என்று இணையத்தில் கேட்டு, ஜனங்கள் கிண்டலாக வைத்த "யீட் கேனன்" பெயரையே ஏற்றுக்கொண்ட கம்பெனி. அந்தத் தைரியத்துக்கே ஒன்று வாங்கலாம்.

அதற்கு மேல் டாரஸ் ஜி3சி, பிரேசில்காரன், முந்நூறுக்குள். இப்போதைய மாடல்கள் விலைக்கு மீறின வேலைப்பாடு. ஆனால் பழைய டாரஸ் கை மாறி வந்தால் மாடல் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று ஒன்பது பழைய மாடல்கள் மேல் போடப்பட்ட வழக்கில் கம்பெனி 2015-இல் சமரசத்துக்கு வந்தது. பிடி-111 மில்லெனியம் அதில் ஒன்று. பெயர் ஒன்று போல இருந்தாலும் பின்னால் வந்த ஜி2 வேறு.

ஸ்மித் அண்ட் வெசன் எஸ்டி9 முந்நூறு சொச்சம், பதினாறு தோட்டா. பழைய எஸ்டி9-இன் ட்ரிகர் கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி இருக்கும். துருக்கியின் கானிக் அதற்கு நேர் எதிர், நானூறு கொடுத்தால் ட்ரிகர் வெண்ணெய்.

ஆனால் என் உண்மையான சிபாரிசு இதெல்லாம் இல்லை. போலீஸ் கழித்துப்போட்ட கிளாக் 22 பிஸ்டல், அந்த 22 மாடல் எண்தான், தோட்டா .40 அளவு. கதை கேளுங்கள். 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளைக்காரர்களுக்கும் சண்டை. ஏஜென்டுகள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். 9 மி.மீ. குண்டு ஆழமாக இறங்கவில்லை என்று பழி போட்டுப் பெரிய தோட்டா தேடினார்கள். முதலில் 10 மி.மீ., அது உதைக்கிறது என்று அதைச் சுருக்கி 1990-இல் .40 வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் .40-க்கு மாறினார்கள். பிறகு 9 மி.மீ. குண்டின் வடிவமைப்பே முன்னேறிவிட, 2010-களின் நடுவில் எஃப்பிஐ திரும்பவும் 9-க்கே வந்தது. பின்னாலேயே பல போலீஸ் துறைகளும். மாற்றிப் போட்ட .40 கிளாக்குகள் மலை மலையாகக் கடைக்கு வந்தன. புது கிளாக் ஐநூறுக்கு மேல், இது முந்நூறு. உறையில் போட்டு எடுத்து வெளியே சாயம் போயிருக்கும். உள்ளே பார்த்தால் வருடத்துக்கு ஓரிரு தேர்வுக்கு மட்டும் சுட்டது. மோசின் கதைதான், இந்தத் தடவை கிடங்குக்குப் பதில் காவல் நிலையம்.

---

ரியோகிராண்டி எழுதியது:

கணேசா, நல்ல கதை. ஆனால் .40 தோட்டா 9-ஐவிட விலை கூட, உதையும் வெடுக்கென்று இருக்கும். என்சிசியில் ஐந்து ரவுண்டு சுட்டவர் கையில் அதைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழகுவார். பழக்கம் ஆனவர்களுக்குச் சரி. முதல் துப்பாக்கிக்கு வேண்டாம்.

---

கழுகுமலை_கணேசன் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். என் மச்சான் அப்படித்தான் பழகினான். இன்றுவரை ட்ரிகரைத் தொடுவதற்கு முன் முகத்தைச் சுளிக்கிறான்.

---

வல்வை_வாடை எழுதியது:

நான் ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைக்கிறதை வாசிக்கச் சந்தைக்குப் போன மாதிரி இருக்கிறது. இங்கே முதலில் பாதுகாப்புப் பயிற்சி, பரீட்சை, பிறகு லைசென்ஸ் விண்ணப்பம். முதல் தடவை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். கைத்துப்பாக்கியை மறந்துவிடலாம், 2022 ஒக்டோபர் 21-இல் இருந்து புதிதாக வாங்கவோ விற்கவோ முடியாது.

மலிவு என்றால் எங்களுக்குச் சீனத்து பம்ப் ஷாட்கன். நொரின்கோ என்ற சீனக் கம்பெனியினது எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அமெரிக்க ஷாட்கன் ரெமிங்டன் 870-ஐப் பார்த்துச் செய்தது, பாதி விலை. இரும்பு கொஞ்சம் கரடுமுரடு, அரம் வைத்து விளிம்பைத் தேய்த்துவிட்டுத்தான் நான் பாவித்தேன். பத்து வருடமாக ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, நான் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி ஒளிந்த தலைமுறை. இங்கே வாத்து வேட்டைக்குப் போகலாம் என்று மகன் கேட்டபோது இரண்டு வருடம் முடியாது என்றேன். கடைசியில் அவனுடன் வகுப்பில் நானும் இருந்தேன். வெற்றுத் துவக்கைக் கையில் தந்து, ஒவ்வொரு முறையும் திறந்து பார் என்று ஆசிரியர் சொன்னார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே வகுப்புக் காசு தகும்.

---

வண்டல்மண் எழுதியது:

தஞ்சாவூர் பக்கம் இருந்து ஒரு பெருமூச்சு. எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் 12 போர் இருக்கிறது, லைசென்ஸ் அப்பா பெயரில். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது கட்டையில் புதிதாக ஒரு கீறல் இருக்கும்.

உங்கள் ஊரில் வரத்து அதிகம் என்பதால் விலை விழுகிறது. இங்கே தலைகீழ். எண்பதுகளின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைத்துவிட்டார்கள். அதற்கு முன் வந்த பழைய வெப்லி, வால்தர் எல்லாம் லட்சக்கணக்கில் கை மாறுகின்றன. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரே லட்ச ரூபாய் பக்கம். நீங்கள் இருநூறு டாலருக்கு மேலே கீழே என்று சண்டை போடுவதைப் படித்தால் சிரிப்பு வருகிறது.

சுட மட்டும் ஆசை என்றால் இங்கே ஏர் ரைபிள்தான். .177 அளவு, 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. மும்பை பக்கத்து பிரிசிஹோல் செய்வது நன்றாக இருக்கிறது. மொட்டை மாடியில் பத்து மீட்டர், பின்னால் மணல் மூட்டை. டப்பா பெல்லட் வாங்கினால் மாதம் ஓடும்.

---

நாமக்கல்_நாடோடி எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய 10/22, கடையிலேயே, 4473 எழுதி, 220 டாலர். வரி 18. பூட்டுப் பெட்டி 75. காது மூடி மூன்று ஜோடி, கண்ணாடி மூன்று, மொத்தம் 60. மூன்றாவது மகளுக்கு, இப்போதைக்குப் பார்ப்பதற்கு மட்டும். வகுப்பு 80. மிச்சத்தில் தோட்டா. கணக்கு 497-இல் நின்றது. பெட்டியின் எண்ணை வீட்டம்மா வைத்தாள். எனக்கே சொல்லவில்லை, சுடப் போகும் நாளில் அவள்தான் திறந்து தருவாள். வீட்டுப் பாதுகாப்புக்கு இப்போதைக்குக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் வாசலில் ஒரு விளக்கும் போட்டேன். மாவெரிக் அடுத்த வருடம் பார்க்கலாம்.

இப்போது ஒரு தொல்லை. இரண்டு மேகசினுக்கு ஒரு தடவை சிக்கிக்கொள்கிறது. காலித் தோட்டா வெளியே வராமல் பாதியில் நிற்கிறது. ரைபிள் கெட்டதா, நான் ஏமாந்துவிட்டேனா?

---

ரியோகிராண்டி எழுதியது:

தோட்டாப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

---

நாமக்கல்_நாடோடி எழுதியது:

ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, குண்டின் எடை 40 கிரெயின். தள்ளுபடியில் இருந்தது, மூன்று டப்பா எடுத்தேன்.

---

ரியோகிராண்டி எழுதியது:

அதுதான். தோட்டாவின் உதைதான் போல்ட்டை, அதாவது காலித் தோட்டாவை வெளியே எடுக்கும் பாகத்தை, பின்னால் தள்ளுகிறது. வேகம் குறைந்த தோட்டா சில 10/22-களில் முழுசாகத் தள்ளாது, அதிலும் உள்ளே அழுக்குச் சேர்ந்திருந்தால். ரைபிள்மேல் தப்பில்லை. போல்ட்டைக் கழற்றி, பழைய உரிமையாளர் விட்டுப்போன கரியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விடுங்கள், சாம்பாருக்குத் தாளிப்பது போல ஊற்ற வேண்டாம். மேகசினையும் துடையுங்கள். அப்புறம் சிசிஐ மினி-மேக் நூறு வாங்கிச் சுட்டுப் பாருங்கள், வேகமான தோட்டா. அதில் ஓடினால் பிரச்சினை தீர்ந்தது. அந்த மூன்று டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், சுத்தம் செய்த பிறகு அதுவும் ஓடலாம்.

---

நாமக்கல்_நாடோடி எழுதியது:

சரி அண்ணே. சனிக்கிழமை வீட்டம்மா பெட்டியைத் திறந்து தந்தால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.